பதினோரு அடி வித்தியாசம்

இது எந்த ஆண்டு நடந்தது என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது நான் கில்மோரி கோல்ஃப் திடலின் பெரிய பலகையில் எண்களை மாற்றும் வேலையில் இருந்தேன். ஏணிமேல் நின்று பார்த்தது பாதி. எஃபி கூர்லே பிற்பாடு தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னது பாதி. எது என்னுடையது, எது அவளுடையது என்று பிரிக்கப் பார்த்துச் சில மாலைகளை வீணாக்கியிருக்கிறேன். கஞ்சி தீய்ந்தது மட்டும் நிச்சயம்.

நினியன் கூர்லே கரண்டியால் சட்டியின் அடியைச் சுரண்டினார். கறுப்பாக வந்தது. வாயில் வைத்துப் பார்த்தார். உப்பை இரண்டு முறை போட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. மாடியில் தங்கியிருந்த விருந்தாளியின் காலடிச் சத்தம் படியில் கேட்டது.

"குட் மார்னிங், மிஸ்டர் கூர்லே. வாசனை பலமா இருக்கே?"

"எங்க பக்கத்து வழக்கம்" என்றார் நினியன். வேறென்ன சொல்ல?

மனைவி எஃபி விடியும் முன்பே திடலுக்குப் போய்விட்டாள். பந்தய வாரம் முழுக்க சர்ச் பெண்கள் அங்கே தேநீர்க் கூடாரம் போடுவார்கள். ஆண்கள் கோல்ஃபின் பெரும்போட்டிகள் நான்கில் ஒன்று எப்போதாவது ஒரு முறை கில்மோரிக்கு வரும். வரும்போது ஊரில் உள்ள விடுதி போதாது. பாதி வீடுகளில் ஆட்டக்காரர்கள் தங்குவார்கள். வீட்டுக்காரர்கள் மாடியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அடுப்படிப் பக்கம் சுருண்டுகொள்வார்கள்.

கூர்லே வீட்டுக்கு வந்தவர் டெல்மர் ஹாக். அமெரிக்காவில் கான்சஸ் பக்கம். வயது நாற்பத்தேழு. முதுகு வலிக்காரர். ஒரு பெரும்போட்டியும் வென்றதில்லை. வெல்வார் என்று பத்திரிகைக்காரர் ஒருவர்கூட எழுதவில்லை. அவர் அந்தக் கஞ்சியைக் கடைசிக் கரண்டிவரை சாப்பிட்டார். நான்கு குவளை தண்ணீர் குடித்தார். மட்டைகளை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று புதன்கிழமை, முதல் நாள் ஆட்டம். கடலிலிருந்து காற்று அப்படி அடித்தது. நான் ஏணியைக் கயிற்றால் கட்டித்தான் ஏறினேன். பேர்போனவர்களின் பந்துகள் எல்லாம் முட்புதரில் போய் விழுந்தன. மாலையில் பலகையின் உச்சியில் 'ஹாக்' என்ற பெயரை மாட்டியது நான்தான். அடுத்தவரைவிட நான்கு அடி குறைவு. கோல்ஃபில் குறைவாக அடித்தவனே பெரியவன்.

"கஞ்சிதான் காரணம்" என்றார் டெல்மர், வீட்டுக்கு வந்ததும். "வயிறு கல்லு மாதிரி கனமா இருந்துச்சு. எந்தக் காத்துக்கும் நான் அசையல. நாளைக்கும் அதே கஞ்சி வேணும். அதே மாதிரி கருகணும்."

நினியன் பெருமையோடு பப்புக்குப் போனார். மூன்று மேஜைகளில் கஞ்சிக் கதையைச் சொன்னார். நான்காவது மேஜையில் பக்கத்து வீட்டு ஹெக்டர் பிரி உட்கார்ந்திருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசமாட்டார். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, கோப்பையை மெதுவாகச் சுழற்றினார்.

"ஏம்ப்பா நினியன், ஒரு நாளைக்கு நாலு அடி. மொத்தம் நாலு நாள். உங்க ஆண்டரோடது எவ்வளவு?"

நினியன் கோப்பையைக் கீழே வைத்தார். பப்பில் பேச்சு நின்றது போல அவருக்குத் தோன்றியது. நின்றிருக்காது.

ஆண்டர் கூர்லே அவருடைய கொள்ளுத்தாத்தா. இதே திடலில் பெரும்போட்டியைப் பதினோரு அடி வித்தியாசத்தில் வென்றவர். அதற்குப் பின் இந்தத் திடலில் யாரும் அந்த வித்தியாசத்தை எட்டவில்லை. நினியனுக்கோ கோல்ஃப் வரவே வராது. மட்டையை ஓங்கினால் புல்தான் பறக்கும். இரும்புக்கடை வைத்திருந்தார். ஊரில் அவரை யாரும் இரும்புக்கடைக்காரர் என்று சொன்னதில்லை. 'ஆண்டரோட கொள்ளுப்பேரன்' என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லில்தான் அவர் நிமிர்ந்து நடந்தார். பல வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி ஆண்டருக்கு ஒரு வெண்கலச் சிலை செய்ய வைத்திருந்தார். சிலை சதுக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. வரும் திங்கட்கிழமை திறப்பு விழா. பீடத்துக் கருங்கல்லில் 'இவரை மிஞ்சியவர் எவருமில்லை' என்று ஆழமாகச் செதுக்கியாகிவிட்டது.

"கல்லுல வெட்டினத அழிக்க முடியாது ஹெக்டர்" என்றார் நினியன், குரல் இறங்கி.

"அதான் நானும் யோசிக்கறேன்."

"என்ன பண்றது?"

"அந்த ஆளுக்கு ஒரு கெடுதலும் பண்ண வேணாம். தூக்கம் மட்டும் கொஞ்சம் கெடட்டும். எங்கிட்ட பேக்பைப் இருக்கு. ரொம்ப நாளா எடுக்கல."

வியாழன் விடியற்காலை, வெளிச்சம் வரும் முன்பே, ஹெக்டர் தன் தோட்டத்துச் சுவரோரம் நின்று, பேக்பைப்பின் காற்றுப்பையை அக்குளில் இடுக்கி, டெல்மரின் ஜன்னலைப் பார்த்து ஊதத் தொடங்கினார். எடுத்து நாளாகிவிட்டது என்பது எல்லோருக்கும் கேட்டது. தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. போதகர் பிரெல் இரவு அங்கியோடு வெளியே வந்தார்.

"ஹெக்டர்! யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல, ஐயா" என்று சொல்லிவிட்டு ஹெக்டர் தொடர்ந்தார்.

டெல்மர் சிவந்த கண்களோடு இறங்கி வந்தார். நினியன், மனசாட்சி உறுத்த, கஞ்சியைக் கருகவிடாமல் பார்த்துப் பார்த்துக் கிண்டிக்கொண்டிருந்தார். டெல்மர் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க" என்றார். கருகும்வரை இருவரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று மாலை நான் பலகையில் மாட்டிய வித்தியாசம் ஏழு.

"மிஸ்டர் கூர்லே, என் ஆயுசு முழுக்க என் வியாதியே அவசரம்தான்" என்றார் டெல்மர். நினியனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். "மட்டைய வேகமா வீசிடுவேன். இன்னிக்குத் தூக்கக் கலக்கத்துல கை மெதுவாத்தான் போச்சு. இருபது பயிற்சியாளர் சொல்லித் தராதத அந்தப் பெரியவர் ஒரே காலையில சொல்லித் தந்துட்டார். நாளைக்கும் வாசிக்கச் சொல்லுங்க!"

எஃபி பாத்திரம் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"நினியன், உன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? அந்த மனுஷன் ஜெயிச்சா நம்ம வீட்டுக்குத்தானே பேரு?"

"பேருதான்" என்றார் நினியன். "பேருதான் பிரச்சினையே."

"சிலைக்குப் பயந்து சாவுறியா? அது வெறும் வெண்கலம்."

"எஃபி, அந்தச் சிலை இல்லன்னா நான் யாரு?"

"ஆணி விக்கறவன்" என்றாள், குழாயை மூடிக்கொண்டே. கேலியாகச் சொன்னாளா, அன்பாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

நினியன் சுவர் ஏறிக் குதித்து ஹெக்டரிடம் போனார்.

"ஹெக்டர், நாளைக்கு ஊதாதீங்க."

"அவர்தான் கேட்டிருக்காரே. ஊதலன்னா எதுக்குன்னு சந்தேகம் வரும்." ஹெக்டர் புகைக்குழாயைப் பற்ற வைத்தார். "முதுகு வலிக்காரர்னு சொன்னே இல்ல? கட்டில் பலகை ரெண்ட உருவிடு. படுத்ததும் உள்ள போயிடும். முதுகு பிடிச்சிக்கிட்டா மட்டைய எப்படி ஓங்குவாரு?"

"பாவம் இல்லையா?"

"பாவம்தான்" என்றார் ஹெக்டர். "கல்லுல வெட்டினதும் பாவம்தான்."

இரும்புக்கடைக்காரருக்குப் பலகை உருவுவது கஷ்டமா? அன்றிரவு மாடியில் இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். நினியன் அடுப்படியில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். டெல்மர் யாரையும் எழுப்பவில்லை. படுக்கையைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் தரையில் படுத்தார்.

வெள்ளிக்கிழமை பேக்பைப் ஒலித்தது, கஞ்சி கருகியது, டெல்மர் படியில் நிமிர்ந்து நடந்து வந்தார். ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டார் என்று எஃபி பின்னால் சத்தியம் செய்தாள்.

"தரை!" என்றார் அவர். "இந்த மருந்த எந்த டாக்டரும் சொல்லல! முதுகு வலி போன இடம் தெரியல!"

மாலையில் வித்தியாசம் பத்து. எண்ணை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து கீழே பார்த்தேன். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நினியன் மட்டும் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

அன்று சாயங்காலம் மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டெல்மரைப் பார்த்து வாழ்த்த ஹெக்டரும் வந்திருந்தார். சுவரில் ஆண்டர் கூர்லேயின் படம் மாட்டியிருந்தது. தாடியும் கம்பளித் தொப்பியுமாக. டெல்மர் அதன் முன் போய் நின்றார்.

"இவர்தானா அவர்?"

"ஆமா" என்றார் நினியன். "லீத் பக்கத்துல இருந்து வந்தவர். இந்த ஊர்க்காரரே இல்ல. ஆட வந்தார், ஜெயிச்சார், இங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டார்."

"இவருக்கு முன்னால யாரோட சாதனை?"

"யாரோ ஒருத்தர். ஒன்பது அடின்னு சொல்வாங்க. முறியடிச்ச சாதனைய யாரு ஞாபகம் வச்சுக்கறாங்க?"

ஹெக்டர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் பேசவில்லை. எனக்கு இந்த மாதிரி மௌனங்கள் பிடிக்கும். ஆனால் நான் அங்கே இல்லை.

"கவலைப்படாதீங்க, மிஸ்டர் கூர்லே" என்றார் டெல்மர், படத்தை விட்டுத் திரும்பி. "பதினொண்ண நான் தாண்டுவேனா? கடைசி நாள்ல சொதப்பறதுல எனக்குத்தான் சாதனை. ஜெயிச்சா போதும். ஒரே ஒரு தடவை. அடுத்த வருஷம் இந்த முதுகு என்னை விடாது."

நினியனுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் பெரிய தொல்லை. அவர் ஜெயிக்க வேண்டும்; ஆனால் பத்து அடிக்குள் ஜெயிக்க வேண்டும். பதினொன்று என்றாலும் சமம்தான், கல் பிழைத்துக்கொள்ளும். பன்னிரண்டுதான் கூடாது. டெல்மர் படுக்கப் போகும் முன்பே, கடைக்கும் வீட்டுக்கும் நாலு நடை நடந்து, அவரே ஒரு முடிவுக்கு வந்தார். கெடுத்ததெல்லாம் நல்லதாக முடிகிறது என்றால், நல்லது செய்துவிட்டால் போகிறது.

சனிக்கிழமை, கடைசி நாள். வெள்ளி இரவே கட்டிலுக்குப் பலகை போட்டு, மேலே எஃபியின் இறகு மெத்தையை விரித்திருந்தார். ஹெக்டரின் பேக்பைப்பை அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கடைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். மேஜையில் பாலேடு மிதக்கும் கஞ்சி, வறுத்த மீன், வெண்ணெய், தேன்.

டெல்மர் இறங்கி வந்தார். ஒரு கை இடுப்பில் இருந்தது.

"மெத்தை... ரொம்ப மெத்துன்னு இருந்துச்சு" என்றார். "நல்லா தூங்கிட்டேன். சத்தமே இல்ல. பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?" பிறகு கஞ்சியைப் பார்த்தார். முகம் வெளிறியது. "இது வெள்ளையா இருக்கே?"

"உப்பு தீந்துபோச்சு" என்றார் நினியன்.

"கருக வைக்கவாவது முடியாதா?"

"நேரமில்லையே. நல்லா சாப்பிடுங்க, ஐயா. இன்னிக்குக் கடைசி நாள் இல்ல!"

டெல்மர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். கீழே வைத்தார். வெறும் வயிற்றோடு போனார்.

முதல் ஐந்து குழிகளுக்குள் நான்கு அடி இழந்தார். என் பலகையில் பத்து ஆறாகியது. கூட்டம் உச்சுக்கொட்டியது. நினியன் பார்வையாளர் நிற்கும் கயிற்றோரம் நடந்து வந்தார். இந்த ஆறு ஐந்தாகக் கூடாதே என்று இப்போது இன்னொரு பயம். இரண்டு பயங்களுக்கும் நடுவில் அவர் ஓடியதைப் பார்த்தால், திடலில் ஆடுவதே அவர்தான் என்று தோன்றும்.

"சீக்கிரம் போட்டி முடிஞ்சுட்டா தேவல" என்றார் என்னிடம், ஏணியடியில் நின்று.

"இன்னும் பாதி இருக்கே, கூர்லே."

"பாதியா!"

பத்தாவது குழி தேநீர்க் கூடாரத்தை ஒட்டியது. நினியன் அங்கே வந்து சேர்ந்தபோது டெல்மர் புல்மேட்டில் உட்கார்ந்து, மடியில் ஒரு மூடி போட்ட சட்டியை வைத்துக்கொண்டு, வாரி வாரித் தின்றுகொண்டிருந்தார். கருகல் வாசனை காற்றில் வந்தது. கன்னத்தில் கறுப்பு ஒட்டியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"எஃபி! யாரு குடுத்தது அத?"

"ஹெக்டர்தான். நீ குடுத்தனுப்பினதா சொன்னாரே? நல்ல காரியம் பண்ணினே போ. மனுஷன் பசியில மயங்கி விழ இருந்தார்."

ஹெக்டர் கூடாரத்துக்கு வெளியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணிட்டீங்க, ஹெக்டர்!"

"நாலாவது நாளும் கருகல் தின்னா வயிறு கெடும்தானே? நீ மறந்துட்டியோன்னு நானே காய்ச்சி எடுத்துட்டு வந்தேன்."

"கெடுக்கறதெல்லாம் அவருக்கு நல்லதா முடியுது! அதனாலதான் இன்னிக்கு நல்லது பண்ணேன்! அதனாலதான் கெட்டுது!"

"அட" என்றார் ஹெக்டர். தேநீரை ஒரு வாய் குடித்தார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, தம்பி."

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஏணியில் ஏறியும் இறங்கியும்தான் நினைவு வைத்திருக்கிறேன். ஏழு. எட்டு. மணற்குழியிலிருந்து அடித்த பந்து கொடிக்கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்து, பத்து. பதினேழாவது குழியில் பதினொன்று. என் கையில் பன்னிரண்டு எழுதிய தகடு தயாராக இருந்தது. கீழே நினியன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை அக்குளில் மறைத்துக்கொண்டேன்.

கடைசிக் குழி. டெல்மரின் பந்து பச்சைத் தரையின் இந்தக் கோடியில். குழி அந்தக் கோடியில். நடுவே ஒரு மேடு. இரண்டு தட்டில் போட்டால் பதினொன்று. ஒரே தட்டில் போட்டால் பன்னிரண்டு. அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் ஒரே தட்டில் போடமாட்டார்கள். கோப்பை எப்படியும் அவருக்குத்தான். நிதானமாகத் தட்டினால் போதும்.

டெல்மர் கூட்டத்தில் நினியனைத் தேடினார். கண்டதும் தொப்பியைத் தொட்டு வணங்கினார். பிறகு பந்தைப் பார்க்காமலேயே தட்டினார். பந்து மேட்டில் ஏறியது. உச்சியில் நின்றது. நின்றுவிட்டது என்று நினியன் மூச்சை விட்டார். அது யோசித்துப் பார்த்துவிட்டு, மறுபக்கம் இறங்கத் தொடங்கியது.

நான் பன்னிரண்டை மாட்டினேன். அது என் வேலை.

திங்கட்கிழமை சிலை திறந்தார்கள். ஊருக்கு வெட்கமாக இருந்தது. போதகர் பிரெல் யோசனைப்படி, பீடத்தின் எழுத்துகளுக்கு முன்னால் ஒரு பெரிய பூந்தொட்டி வைத்தார்கள். டெல்மர் ஊருக்குப் போகாமல் விழாவுக்கு வந்திருந்தார். கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்கலங்கப் பேசினார்.

"நாலு நாளும் இந்த மனுஷர் எனக்காகப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. தூங்காம, ராத்திரி பகலா யோசிச்சு யோசிச்சு, ஒவ்வொண்ணா செஞ்சார். சொந்தக் கொள்ளுத்தாத்தா சாதனைன்னுகூடப் பார்க்கல. இந்தச் சாதனை என்னோடது இல்ல. நினியன் கூர்லேயோடது!"

ஊரே எழுந்து நின்று கைதட்டியது. நினியன் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டெல்மர் அதற்குப் பின் எதையும் வெல்லவில்லை. மறு ஆண்டே ஆட்டத்தை விட்டுவிட்டு, வீட்டில் தரையில் படுத்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பதாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதினார். எஃபி பந்தய வாரத்தில் மாடியை யாருக்கும் தருவதில்லை என்று தீர்மானித்தாள். பூந்தொட்டிச் செடி நன்றாகப் படர்ந்தது. நான் ஏணி ஏற முடியாமல் வேலையை விட்டேன். நினியனைக் கொஞ்ச நாளில் ஊரார் 'சாதனை செய்ய வைத்தவர்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அவரும் நாளாக நாளாக மறுப்பதை விட்டுவிட்டார்.

ஹெக்டர் பிரி அடுத்த வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டு டண்டீயில் இருந்த மகளோடு இருக்கப் போனார். பெட்டிகளைக் காரில் ஏற்ற நினியன்தான் உதவினார். கார் கிளம்பும்போது ஹெக்டர் கண்ணாடியை இறக்கி, அவரைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"அந்த ஒன்பது அடி எங்க கொள்ளுத்தாத்தாவோடதுப்பா. அதக் காப்பாத்த, எங்க வீட்ல தங்கியிருந்த உங்க ஆண்டருக்கு அவர் கஞ்சியக் கருக்கினார், விடியக்காலைல ஊதினார், கட்டில் பலகைய உருவினார். பலன் என்னன்னு எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும்."